கொழும்பில் பைக் வாங்கும்போது: விற்கிற விலையும் ஓட்டுகிற சுகமும்

பைக் வாங்கப் போகிறேன் என்று கொழும்பில் யாரிடம் சொன்னாலும் முதல் கேள்வி, "விக்கப் போனா விலை போகுமா?" என்பதுதான். கேட்பவர்கள் சும்மா கேட்கவில்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடையில் வந்த வருடங்களில் பைக் வைத்திருந்தவர்கள் வாங்கிய விலைக்கு மேலேயே விற்றார்கள். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பிடித்த பைக்கை வாங்குவது காசைக் கடலில் போடுவது மாதிரித் தெரிகிறது.

அந்த லாபம் பெரும்பாலும் கண்ணுக்கு மட்டும் தெரிந்த லாபம். 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் நின்றது, சில மாதங்களில் 360 வரை போனது. விற்றவருக்குக் கூடுதல் காசு கிடைத்தது, அந்தக் காசுக்கு அதே தரத்தில் இன்னொரு பைக் வாங்க முடியவில்லை. ஆகவே அந்த வருடங்களின் விலையை வைத்து இன்று முடிவெடுக்கக் கூடாது.

செய்ய வேண்டியது இது: ரீசேலை ஒரு பயமாக மனதில் வைத்திருக்காமல் மாதத்துக்கு இத்தனை ரூபா என்ற தொகையாக மாற்றிவிடுங்கள். பிடித்த பைக்குக்கு மாதம் எவ்வளவு கூடுதலாகப் போகிறது என்று தெரிந்துவிட்டால், அதைக் கொடுக்கலாமா என்பது வீட்டில் உட்கார்ந்து பேசித் தீர்க்கக்கூடிய விஷயம்.

விலைச் சரிவை அளப்பது

பழைய விலைப் பட்டியல்களைத் தேட வேண்டாம். இன்றைக்கு அந்த மொடல் புதிதாக என்ன விலை, அதே மொடல் மூன்று வருடப் பழையது இன்றைக்கு என்ன விலை, ஆறு வருடப் பழையது என்ன விலை என்று மூன்று எண்களை எடுங்கள். இன்றைய பழைய விலையை இன்றைய புதிய விலையால் வகுத்தால் ரூபாவின் ஏற்ற இறக்கம் கணக்கிலிருந்து விலகிவிடும். மூன்று வருடத்தில் 80 வீதம் நிற்கிறதா, 60 வீதமா என்பது நேரடியாகத் தெரியும். மொடல் நிறுத்தப்பட்டிருந்தால், அதே கம்பனி அதன் இடத்தில் விற்கும் பைக்கின் விலையை எடுங்கள்.

இக்மன், ரியாசெவன ஆகிய இரண்டு விளம்பரத் தளங்களிலும் அந்த மொடலின் விளம்பரங்களில் பத்துக்குக் குறையாமல் எடுத்து எழுதுங்கள். மிக உயர்ந்த இரண்டையும் மிகக் குறைந்த இரண்டையும் விட்டுவிட்டு நடுவில் நிற்கும் விலையைப் பிடியுங்கள். அது கேட்கிற விலைதான், கைக்கு வருகிற விலை இல்லை. பேரம் பேசி இறங்குவதற்காக 5 முதல் 10 வீதம் கழியுங்கள். இன்னொரு வேலையும் இருக்கிறது, பலர் இதைச் செய்வதில்லை. அந்த விளம்பரங்களைச் சேமித்து வைத்து இரண்டு கிழமை கழித்துத் திரும்பப் பாருங்கள். பாதிக்கு மேல் காணாமற் போயிருந்தால் அந்த பைக் கைமாறுகிறது. அப்படியே கிடந்தால், அல்லது ஒரே ஆள் விலையைக் குறைத்துக் குறைத்துப் போட்டிருந்தால், விளம்பரத்தில் உள்ள விலைக்கு அர்த்தமில்லை. அவசரத்துக்கு விற்க நேர்ந்தால் எவ்வளவு இறங்க வேண்டிவரும் என்பதை அது சொல்லிவிடும்.

இனிக் கணக்கு. விளங்குவதற்காக முழு எண்களைப் போடுகிறோம், உங்கள் மொடலுக்கு உங்கள் எண்களைப் போடுங்கள். இரண்டு பைக்குமே புதிதாக 900,000 ரூபா என்று வையுங்கள். ஊரே வாங்கும் பைக் மூன்று வருடத்தில் 80 வீதம், அதாவது 720,000க்குப் போகும். உங்களுக்குப் பிடித்தது 60 வீதம், 540,000க்குப் போகும். வித்தியாசம் 180,000. 36 மாதத்தால் பிரித்தால் மாதம் 5,000.

பெற்றோலையும் சேருங்கள். மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு, லீற்றருக்கு 50 ஓடும் பைக்கில் 20 லீற்றர் போதும். 35 ஓடும் பைக்குக்கு 28.6 லீற்றர் வேண்டும். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் மாதம் 2,600 அளவில் கூடும். ஆக, பிடித்த பைக்கின் உண்மையான கூடுதல் விலை மாதம் 7,600. இதை அதிகம் என்று சொல்பவரும் இருப்பார், வார இறுதியில் ஒருமுறை வெளியில் சாப்பிடும் செலவுதானே என்பவரும் இருப்பார். இரண்டும் சரியான பதில்கள்.

எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள் என்பதுதான் இந்தக் கணக்கை அதிகம் ஆட்டும். ஆறு வருடத்தில் முதல் பைக் 65 வீதத்திலும் இரண்டாவது 40 வீதத்திலும் நின்றால் வித்தியாசம் 225,000. 72 மாதத்தால் பிரித்தால் 3,125. நீண்ட நாள் வைத்திருப்பவருக்கு ரீசேல் பற்றிய கவலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. வெளிநாட்டு விசாவை எதிர்பார்த்திருப்பவர், ஒரு வருடத்தில் கார் எடுக்கப் போகிறவர், கல்யாணத்துக்குக் காசு புரட்ட வேண்டியவர் ஆகியோருக்கு இது தலைகீழ். அவர்கள் விலை நிற்கும் பைக்கையே எடுக்கட்டும்.

லீசிங் எடுப்பவர்கள் இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். 400,000 ரூபாவுக்கு மாதம் 13,000 வீதம் 48 மாதம் கட்டினால் மொத்தம் 624,000. வட்டி மட்டும் 224,000. மேலே பார்த்த மூன்று வருட ரீசேல் வித்தியாசத்தை விட அது பெரிது. ரீசேல் நல்லது என்று சொல்லி, கையில் உள்ள காசை மீறிய பைக்கை லீசிங்கில் எடுப்பவர், ஒரு பக்கம் காப்பாற்றியதை மறு பக்கம் வட்டியாகக் கட்டுகிறார்.

கொழும்பில் எது விலை நிற்கும், ஏன்

பைக்கின் தரம் இதில் ஒரு பங்குதான். அடுத்து வாங்கப் போகிறவர் யார் என்பதே மிச்சம்.

ஹொண்டா டியோ விலை இறங்காமல் நிற்பதற்குக் காரணம் அதை அப்பாவும் ஓட்டலாம், மகளும் ஓட்டலாம், சாறி கட்டிய ரீச்சரும் ஓட்டலாம் என்பதே. வாங்கக்கூடியவர்களின் கூட்டம் பெரிது. பஜாஜ் சி.டி. 100, டிஸ்கவர் போன்றவை தெருவோரக் கராஜில் கண்ணை மூடிக்கொண்டு திருத்தப்படுபவை. பல்சர் 150, யமஹா எஃப்.இசட்., டி.வி.எஸ். அப்பாச்சி ஆகியவற்றுக்கு பஞ்சிகாவத்தையில் ஒரே தெருவில் நாலு கடை ஏறி இறங்கினால் கிளச் தட்டும் கேபிளும் பிரேக் பாட்டும் கைக்கு வந்துவிடும். பாகம் கிடைக்கும் என்ற நம்பிக்கைக்குத்தான் வாங்குபவர் காசு கொடுக்கிறார்.

ஆகவே ஒரு மொடலைப் பற்றிச் சந்தேகம் இருந்தால், வாங்குமுன் பஞ்சிகாவத்தைக்கு ஒருமுறை போய் ஐந்து பாகங்களுக்கு விலை கேளுங்கள்: செயின் செற், முன் பிரேக் பாட், கிளச் தட்டு, ஹெட் லைட், முன் போக் (முன்சில்லைத் தாங்கும் குழாய்) சீல். ஐந்தும் அன்றைக்கே கிடைத்தால் நல்லது. இரண்டுக்கு மேல் "ஓடர் பண்ணித்தான் எடுக்கணும்" என்று பதில் வந்தால், மேலே போட்ட வீதத்தில் இன்னும் 5 வீதம் குறைத்து வையுங்கள். அந்த பைக் கராஜில் பாகத்துக்காகக் காத்திருக்கும் நாட்களும் உங்கள் செலவே.

2022இல் எரிபொருள் கியூ.ஆர். முறை வந்தபோது பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் கிடைத்தது. லீற்றருக்குக் கூட ஓடும் சிறிய பைக்குகளின் மேல் ஊருக்குப் பிடிப்பு கூடிய காலம் அது. அந்த நினைவு வாங்குபவர்களிடம் இன்னும் இருக்கிறது. 200 சி.சி.க்கு மேலே போகப் போக வாங்கும் கூட்டம் குறைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஓட்டும் சுகத்தை எப்படிச் சோதிப்பது

ஷோரூம் வாசலில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துப் பிடித்திருக்கிறது என்று சொல்வது போதாது. உங்கள் ஓட்டத்தில் பெரும் பகுதி எங்கே நடக்கிறதோ அங்கேதான் பைக்கைச் சோதிக்க வேண்டும். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போகிறவரின் பைக், மாலை ஐந்தரைக்குக் காலி வீதியில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்து ஊர்ந்து வரும். அந்த நேரத்தில் பார்க்க வேண்டியவை: கிளச் பிடித்துப் பிடித்து இடது மணிக்கட்டு வலிக்கிறதா, ரேடியேற்றர் விசிறி சுற்றும்போது சூடான காற்று காலில் அடிக்கிறதா, குறைந்த வேகத்தில் எஞ்சின் உதறுகிறதா. பல்சர் என்.எஸ். 200, டியூக் 200 மாதிரி பைக்குகள் திறந்த ரோட்டில் அருமையாக இழுக்கும். பொரளைச் சந்தியில் நின்று நின்று போகும்போது அதே பைக் ஆளைக் களைக்கப் பண்ணும்.

அதிவேக நெடுஞ்சாலைகளில் பைக்குக்கு அனுமதி இல்லை. நகரத்துக்குள் மணிக்கு 50, வெளியே 70 கிலோமீற்றர்தான் வேக எல்லை. ஆகவே உச்ச வேகத்துக்காகக் கொடுக்கும் காசை இந்த நாட்டில் பயன்படுத்த இடமே இல்லை. 30இலிருந்து 70 வரைக்கும் எப்படி இழுக்கிறது, வளைவில் எப்படிச் சாய்கிறது, குழியில் விழுந்தால் முதுகில் என்ன தெரிகிறது என்பவைதான் இங்கே ஓட்டும் சுகம். ஹைலெவல் வீதியில் அவிசாவளை போய் அங்கிருந்து கித்துள்கலைக்கு ஏறினால் ஒரே காலையில் இவை எல்லாம் தெரிந்துவிடும்.

உயரமும் பாரமும் வாங்கும் நாளில் பெரிதாகத் தெரியாது. ரோயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350இன் பாரம் 195 கிலோ. டியோ 105 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். வெள்ளவத்தைக் குறுக்கு வீதிகளில் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில், இரண்டு காருக்கு நடுவில் பின்பக்கமாகத் தள்ளி எடுக்க வேண்டிய இடமாக இருந்தால் தினமும் இரண்டு தரம் அந்தப் பாரத்தைத் தள்ளுவீர்கள். யமஹா ஆர். 15இன் சீற் உயரம் 815 மில்லிமீற்றர், எஃப்.இசட். 790. மழை நாளில் எண்ணெய் படிந்த ரோட்டில் இரண்டு காலும் முழுதாக ஊன்றுகிறதா என்று பாருங்கள்.

பின்னால் யார் இருக்கப் போகிறார்கள்? மனைவியோ அம்மாவோ என்றால் அவர்களையும் ஏற்றிக்கொண்டு இருபது நிமிடம் ஓட்டுங்கள். பின்சீற் உயரமாகவும் குறுகலாகவும் உள்ள பைக்கை வாங்கி, குடும்பப் பயணத்துக்கெல்லாம் முச்சக்கரவண்டி பிடித்தால் அந்தச் செலவும் மாதக் கணக்கில் சேரும்.

முடிந்தால் அதே மொடலை ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுங்கள். நீர்கொழும்புப் பக்கம் பைக் வாடகைக்குக் கொடுக்கும் இடங்கள் உண்டு. இரண்டு நாள் வாடகை, தவறான பைக்கை ஆறு மாதத்தில் விற்பதால் வரும் நட்டத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இரண்டும் சேரும் இடம்

இதுதான் எங்கள் உறுதியான பரிந்துரை: விலை இறங்கும் பைக் பிடித்திருந்தால் அதைப் புதிதாக வாங்காதீர்கள். மூன்று வருடம் ஓடியதை வாங்குங்கள். மேலே உள்ள எண்களையே திரும்பப் பாருங்கள். பிடித்த பைக்கை மூன்று வருடப் பழையதாக 540,000க்கு வாங்கி, இன்னும் மூன்று வருடம் ஓட்டி 360,000க்கு விற்றால் இழப்பு 180,000. ஊரே வாங்கும் பைக்கைப் புதிதாக 900,000க்கு வாங்கி 720,000க்கு விற்றாலும் இழப்பு அதே 180,000தான். முதல் சரிவு முழுவதையும் முதல் சொந்தக்காரர் சுமந்துவிட்டார். கையில் 360,000 மிச்சம் நிற்பதால் லீசிங்கும் தேவைப்படாமல் போகலாம். டயர், செயின் செற், பற்றறி, போக் சீல் என்று முதல் ஆறு மாதத்துக்கு 60,000 ரூபா ஒதுக்கிவிட்டே பேரம் பேசுங்கள்.

ஊரே தேடும் பைக்குகளில் இந்த வித்தை பலிக்காது. டியோவையும் சி.டி. 100ஐயும் பழையதாக வாங்கினால் பெரிதாக மிச்சம் வராது. அவற்றைப் புதிதாக எடுப்பதே மேல்.

இன்னொரு வகை, ஜப்பானில் பாவித்து வந்த பைக்குகள். ஹொண்டா எக்ஸ்.ஆர். 250, யமஹா செரோ, டி.டபிள்யூ. 200, சுசுகி ஜெபல் போன்றவை. இவற்றுக்கு ஆசைப்படுபவர்கள் கூட, சந்தையில் உள்ளவை கொஞ்சம். அதனால் ஒழுங்காக வைத்திருக்கும் பைக்கின் விலை எளிதில் இறங்குவதில்லை, ஓட்டவும் அருமை. பாகம் தேடும் பொறுமை மட்டும் வேண்டும். கார்பரேற்றர் டயபிரம், பிளக்கின் தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் சி.டி.ஐ. யூனிற் போன்றவற்றைத் தேவை வருமுன்பே வாங்கி வீட்டில் வைத்திருங்கள்.

பாவித்த பைக்கைப் பார்க்கும்போது

போன் எடுக்கும்போதே, "அண்ணா, நான் வந்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க, முதல்லயே சூடாக்கிடாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சினைக் கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிரில் ஸ்டார்ட் எடுக்காத பிரச்சினையை மறைக்கிறார்களோ என்று சந்தேகப்பட வேண்டும். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது, பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் சீல் தேய்ந்திருக்கிறது.

மீற்றரை நம்ப வேண்டாம், டிஜிட்டல் மீற்றரையும் மாற்றுகிறார்கள். கால் வைக்கும் ரப்பர், பிரேக் பெடல், கைப்பிடி, சாவி ஆகியவற்றின் தேய்மானத்தைப் பாருங்கள். 15,000 கிலோமீற்றர் என்று சொல்லும் பைக்கில் கால் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் அந்த எண் பொய். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கம் செய்த நாளைச் சொல்லும்: 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை.

விழுந்த பைக்கைக் கண்டுபிடிக்க ஹாண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, கழுத்துக்குக் கீழே அது முட்டி நிற்கும் இரும்புத் துண்டைப் பாருங்கள். ஃபெயாரிங்கை மாற்றுவார்கள், டாங்கிக்குப் பெயின்ட் அடிப்பார்கள், இந்தத் துண்டைப் பலர் கவனிப்பதில்லை. நசுங்கியோ வெடித்தோ இருந்தால் முன்பக்கமாக நன்றாக மோதியிருக்கிறது. பிறகு முன்சில்லைத் தூக்கி ஹாண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் 'டக்' என்று ஓர் இடத்தில் உட்கார்ந்தால் ஹெட் பெயாரிங் போய்விட்டது. பின் ஸ்புரொக்கற்றின் பின்பக்கத்தில் செயினை விரலால் இழுங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் செயின் செற் முழுவதும் மாற்ற வேண்டும்.

கடற்கரைப் பக்கத்தில் நின்ற பைக்குக்கு உப்புக் காற்று ஒரு தனி நோய். மரைன் டிரைவ் ஓரம் வெளியில் நிறுத்திய பைக்கில் போக் குழாயின் பளபளப்பில் ஊசி குத்தின மாதிரிக் கறள் புள்ளிகள் வரும். சீல் உரசும் பகுதியில் அவை இருந்தால் புதிய சீல் போட்டாலும் மறுபடி ஒயில் கசியும். குழாயையே மாற்ற நேரும்.

பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கம், சசி இலக்கம், நிறம் மூன்றும் பைக்கோடு பொருந்த வேண்டும். லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் விடுவிப்புக் கடிதம் கைக்கு வராமல் முழுக்காசு கொடுக்காதீர்கள். ஓப்பன் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல் கையெழுத்திட்ட பத்திரத்தோடு மட்டும், மூன்று கை மாறி வந்த பைக், எவ்வளவு மலிவாக இருந்தாலும் விற்கும்போது அந்த மலிவைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும்.

சுகத்துக்காகச் செய்யும் மாற்றங்கள்

மாற்றங்களுக்குச் செலவழித்த காசு விற்கும்போது திரும்பாது. வாங்குபவர் ஒறிஜினல் நிலையைத்தான் கேட்பார். அதற்காக ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டியதில்லை, திருப்பி எடுக்கக்கூடியதை மட்டும் செய்யுங்கள். நல்ல டயர், நல்ல பிரேக் பாட், சீற் ஸ்பொன்ஞ், உயரமான ஹாண்டில் ஆகியவை ஓட்டத்தை நிஜமாகவே மாற்றும், ஒரு பின்னேரத்தில் கழற்றியும் விடலாம். கழற்றிய பழைய கண்ணாடி, சைலன்சர், இண்டிகேற்றர், போல்ட் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள்.

பின் மட்காட்டை வெட்டுவது, சசியில் வெல்டிங் அடிப்பது, நிறம் மாற்றுவது, வயரிங்கை அறுத்து லைட் பூட்டுவது இந்த நான்கும் வேண்டாம். மேலதிக லைட் தேவையென்றால் பற்றறியிலிருந்து தனி வயர் எடுத்து ரிலே வழியாகப் பூட்டுங்கள். இரண்டு லைட்டும் சேர்ந்து 40 வாட் என்றால் 12 வோல்டில் 3.3 அம்பியர்தான் ஓடும், 5 அம்பியர் பியூஸ் போதும். சத்தமான சைலன்சர் பொலிஸிடமும் மாட்டும், வாங்க வருபவரையும் துரத்தும்.

விற்கும் நாளுக்காக

500 கிலோமீற்றருக்கு ஒருமுறை செயினுக்கு ஒயில், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஒயில், மழைக்காலத்தில் கிழமைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் அடிப்பக்கக் கழுவல். பில்களை ஒரு கோப்பில் சேருங்கள்.

விற்குமுன் வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் குறைந்தது மூன்று மாதமாவது மிச்சம் இருக்கட்டும். புகைப் பரிசோதனைக்கு அலைய வேண்டிய பைக் என்றால் வாங்குபவர் உடனே விலையில் கை வைப்பார். இரண்டாவது சாவியைத் தேடி எடுத்து வையுங்கள். காசு கைக்கு வந்ததும் உரிமை மாற்றப் படிவமான எம்.டி.ஏ. 6இல் இருவரும் கையெழுத்திட்டு, வாங்குபவரின் அடையாள அட்டைப் பிரதியை வாங்கிக்கொண்டு, விற்றதை அறிவிக்கும் எம்.டி.ஏ. 8ஐ நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு நீங்களே அனுப்புங்கள். வாங்கியவர் பெயர் மாற்றாமல் ஓட்டி எங்காவது மோதினால், பொலிஸ் தேடி வருவது புத்தகத்தில் பெயர் உள்ளவரைத்தான்.